எனக்குப் பிடித்த ஐந்து திரை விளையாட்டுகள்

(ஸ்ரீவராகத்தில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற ஆண்டு இதே மேடையில் பேசிய அன்பர் சிலப்பதிகாரத்தைப் பற்றி ஒரு மணி நேரத்திற்கு மேல் உரையாற்றினார். அருமையான உரை. ஆயினும் அவர் மதுரைக் காண்டத்தை அடைவதற்குள் பின்வரிசை இளைஞர்கள் ஒவ்வொருவராக எழுந்து குளக்கரைக்குப் போய்விட்டார்கள். அதை மனத்தில் கொண்டோ என்னவோ, நம் செயலாளர் இவ்வாண்டு என்னை அழைத்து, "இலக்கியம் பேசப் பலர் இருக்கின்றனர், நீங்கள் பாத்திரக் கடைக்காரர், பிள்ளைகள் எழுந்து போகாத பொருளாக ஒன்றைப் பேசுங்கள்" என்றார். பிள்ளைகள் எழுந்து போகாத பொருள் விளையாட்டு ஒன்றுதான். ஆகவே எனக்குப் பிடித்த பழைய வீடியோ விளையாட்டுகள் ஐந்தினை வரிசைப்படுத்திக் கூற முன்வந்திருக்கிறேன். இன்று முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் எழுந்து போனால் அதற்குச் செயலாளரே பொறுப்பு.

வரிசையை ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்லும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலிடம் டெட்ரிஸ். இரண்டாவது சூப்பர் மாரியோ. மூன்றாவது, 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' எனப்படும் பாரசீக இளவரசன். நான்காவது பாக்மேன். ஐந்தாவது ஸ்பேஸ் இன்வேடர்ஸ். இவ்வரிசையை என் மகள் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தேன் என்பதை மட்டும் கேட்டருளுங்கள்.

என் அளவுகோல் ஒன்றே. விதிகளை ஒருவரும் வாயால் சொல்லாமல், மொழி தெரியாத ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அளவிலேயே ஒரு விளையாட்டை அவன் விளங்கிக்கொள்ள முடிகிறதா என்பதே அது. இந்த அளவுகோல் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும்.

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் இவ்வூருக்கு வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுதி, பின்னர்ச் சொந்தமாக ஒரு சிறு கடை வைத்தவர். நான் பாட்டி வீட்டில் வளர்ந்தேன். 1987ஆம் ஆண்டு, என் பதினொன்றாம் வயதில்தான் இங்கே ஸ்ரீவராகத்திற்கு வந்து சேர்ந்தேன். வராகமூர்த்தி கோயில் குளத்தைப் போன்ற பெரிய குளத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. மலையாளம் ஒரு சொல்லும் தெரியாது. தெருப் பிள்ளைகள் என்னைப் 'பாண்டி' என்றார்கள். அது இழிசொல் என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. பாண்டிய நாட்டான் என்று மரியாதையாக அழைக்கிறார்கள் போலும் என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன். தெரிந்த பிறகு வெளியே போவதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் அடுத்த வீட்டுக்காரர் குவைத்தில் வேலை பார்த்தார். அவர் மகனுக்கு என் வயது. 1988இல் விடுமுறைக்கு வந்தபோது அவர் ஒரு விளையாட்டுப் பொறி கொண்டுவந்தார். நிண்டெண்டோ என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் 'பேமிகாம்' பொறியினது சாயல் கொண்டது. அசலோ போலியோ, நாங்கள் கேட்கவில்லை. கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் இருப்பதாக அச்சிட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டுதான். மற்றவையெல்லாம் அவையே பெயர் மாறித் திரும்ப வரும். விளம்பரத்தை நம்பாதே என்னும் பாடத்தை வணிகன் மகனாகிய நான் முதலில் கற்றது அங்கேதான்.

சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த என்னை அந்தப் பையன் ஒருநாள் உள்ளே அழைத்தான். கையில் பொத்தான் பலகையைக் கொடுத்தான். திரையில் சிவப்புத் தொப்பிக்காரன் ஓடுகிறான். எதிரே காளான் போன்ற ஒன்று நடந்து வருகிறது. நண்பன், "சாடு! சாடு!" என்று கத்தினான். நான் அறிந்த தமிழில் சாடுதல் என்றால் தாக்குதல், மோதுதல். ஆகவே நேரே ஓடி மோதினேன். தொப்பிக்காரன் இறந்தான். மறுபடியும் "சாடு!" மறுபடியும் மோதினேன். மூன்று உயிர்களும் போன பின்னரே, அவன் தானே எழுந்து நின்று தரையில் ஒரு குதி குதித்துக் காட்டினான். மலையாளத்தில் சாடு என்றால் குதி. நாஞ்சில் நாட்டு அன்பர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு இச்சொல் தெரியும். எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் கற்ற முதல் மலையாளச் சொல் அதுவே.

அந்த விளையாட்டுதான் சூப்பர் மாரியோ பிரதர்ஸ். 1985 செப்டம்பரில் வெளிவந்தது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் அமைத்தது. இசை கோஜி கோண்டோ. எட்டு உலகங்கள், உலகம் ஒன்றுக்கு நான்கு கட்டங்கள், ஆக முப்பத்திரண்டு. இவையனைத்தும் நாற்பது கிலோபைட் அளவில் அடங்கியிருந்தன. இன்று உங்கள் கைப்பேசியில் பூங்கொத்துப் படம் போட்டு வரும் 'காலை வணக்கம்' ஒன்று அதைவிடப் பன்மடங்கு பெரியது. இடம் போதாமையால் அவர்கள் செய்த சிக்கனங்களைப் பாருங்கள். வானத்து மேகமும் தரையில் உள்ள புதரும் ஒரே படம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். மாரியோவின் மீசையும் அப்படிப் பிறந்ததே. 1981இல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக அவ்வுருவை வரைந்தபோது, சில புள்ளிகளுக்குள் வாயை வரைய இயலாது என்று மீசை வைத்தார் மியாமோட்டோ. தலைமயிரை வரைய இயலாது என்று தொப்பி வைத்தார்.

ஆனால் நான் வியப்பது சிக்கனத்தையன்று, அதன் முதல் கட்டத்தையே. தொடங்கும்போது தொப்பிக்காரன் திரையின் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் வெற்றிடம். ஆகவே வலப்பக்கம் போகவேண்டும் என்று யாரும் சொல்லாமலே விளங்குகிறது. சற்றுத் தூரத்தில் ஒளிவீசும் ஒரு கட்டை. முட்டிப் பார்க்கத் தூண்டுகிறது. உடனே அந்தக் காளான் பகைவன். மோதினால் சாவு, குதித்தால் வெற்றி. செத்தாலும் குறையில்லை, தொடங்கி இரண்டு விநாடிகளே ஆகியிருக்கின்றன. ஒரு நல்லாசிரியர் பிள்ளையின் கையைப் பிடித்து எழுதச் செய்வதைப் போன்ற ஏற்பாடு அது. அகரம் எழுதத் தெரியாதவனையும் அது விலக்குவதில்லை. மொழியற்றவனாய் இந்நகரத்துக்கு வந்த ஒரு பிள்ளைக்கு அதைவிட நல்ல பள்ளி வாய்த்திருக்குமா என்பது ஐயமே. மூன்று மாதங்களில் நான் மலையாளம் பேசினேன். என்னைப் பாண்டி என்றவனோடு என் நண்பன் கைகலந்து சட்டையைக் கிழித்துக்கொண்டதும் அந்த மூன்று மாதத்திற்குள்தான்.

கேசட் ஓடாவிட்டால் அதை எடுத்து வாயால் ஊதுவோம். உலகெங்கும் பிள்ளைகள் ஊதினார்கள். அதனால் பயனில்லை, எச்சில் ஈரத்தால் உலோகம் அரிக்கும் என்று நிறுவனத்தாரே பின்னர் எச்சரித்தார்கள். கழற்றி மறுபடி செருகியதால்தான் ஓடிற்று. ஆயினும் இன்றுங்கூட ஒரு பழைய கேசட்டைக் கண்டால் என்னால் ஊதாமல் இருக்க முடிவதில்லை.

ஐந்தாம் இடத்தையும் நான்காம் இடத்தையும் விரைந்து கடக்கிறேன். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கியது. மேலிருந்து ஐம்பத்தைந்து பகைவர்கள் அணிவகுத்து இறங்குவர். கீழே நின்று நாம் சுடவேண்டும். ஜப்பானில் நூறு யென் நாணயத்திற்கே இவ்விளையாட்டால் தட்டுப்பாடு வந்தது என்பார்கள்; அது கட்டுக்கதை, அதற்காக இதை நான் பாராட்டவில்லை. பகைவர் குறையக் குறைய எஞ்சியவர் விரைந்து வருவர். இதை நிஷிகாடோ முதலில் திட்டமிடவில்லை. ஐம்பத்தைந்து உருவங்களை வரைய அன்றைய கணிப்பொறி திணறியது. உருவங்கள் குறைந்ததும் அதன் சுமை குறைந்து வேகம் கூடிற்று. குறை என்று திருத்தாமல், அதையே விளையாட்டின் உயிராக வைத்துக்கொண்டார். எனக்கு இந்தச் செயல் மிகவும் பிடித்தது. எங்கள் தொழிலிலும் வார்ப்பில் விழுந்த ஒரு வடுவைக் கைதேர்ந்த கொல்லர் வேலைப்பாடாக மாற்றிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

பாக்மேன் 1980இல் வந்தது. நாம்கோ நிறுவனத்து தோரு இவாதானி படைத்தது. சுடுவதும் கொல்வதுமாக இருந்த விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்று எண்ணி, உண்பதையே விளையாட்டாக்கினார் அவர். நம் ஊர்க் கோயில் மண்டபங்களின் கல்தரையில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். பாக்மேன் எனக்கு அதன் உறவுக்காரனாகவே தோன்றுகிறது. நான்கு பேய்கள் ஒரு மஞ்சள் வாயனைத் துரத்துகின்றன. மூலையில் உள்ள பெரிய உருண்டையை உண்டுவிட்டால் சிறிது நேரம் ஆடு புலியாகிறது, புலிகள் ஓடுகின்றன. நான்கு பேய்களுக்கும் நான்கு குணம். சிவப்பு நேரே துரத்தும். இளஞ்சிவப்பு நாம் போகும் வழிக்கு முன்னே போய் மறிக்கப் பார்க்கும். நீலம் நாம் நிற்கும் இடத்தோடு சிவப்பு நிற்கும் இடத்தையும் கணக்கிட்டு நகரும். ஆரஞ்சு நிறத்தது தூரத்தில் இருக்கும்வரை வீராப்பாக வரும், அருகில் வந்ததும் பயந்து தன் மூலைக்கு ஓடும். இந்த நான்காவது பேயைப் போன்ற சிலரைச் சங்கக் கூட்டங்களிலும் கண்டிருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன்.

255 கட்டங்களைத் தாண்டியவர்க்கு 256ஆம் கட்டத்தில் திரையின் வலப்பாதி எழுத்தும் குப்பையுமாகக் கலங்கிவிடும். கட்ட எண்ணைச் சேமிக்கக் கொடுத்த இடம் 255 வரைதான் எண்ணும். அவ்வளவு தூரம் ஒருவர் ஆடுவார் என்று அமைத்தவர்கள் நினைக்கவில்லை.

கான்ட்ராவை ஏன் சேர்க்கவில்லை என்று அந்த மூலையில் ஒரு தம்பி கேட்கிறார். முப்பது உயிர் தரும் இரகசியப் பொத்தான் வரிசை இல்லாமல் அதை முடித்தவர் இங்கே எவரேனும் இருந்தால் கை தூக்குங்கள். இல்லை அல்லவா? அதனால்தான்.

பாரசீக இளவரசனை நான் 1993 வாக்கில், கணிப்பொறி கற்கப் போன இடத்தில் கண்டேன். ஆசிரியர் வெளியே சென்றதும் திரை மாறும். அவர் செருப்பொலி கேட்டதும் திரும்ப மாறும். இதனைப் படைத்தவர் ஜோர்டன் மெக்னர் என்னும் அமெரிக்க இளைஞர். 1989இல் வெளியிட்டார். தம் தம்பியை ஓடவும் குதிக்கவும் சொல்லிப் படம்பிடித்து, அப்படங்களின் மேல் ஒவ்வோர் அசைவாக வரைந்து இளவரசனுக்கு நடை கொடுத்தார். அதனால்தான் அவன் விளிம்பைப் பற்றித் தொங்கும்போது நம் தோள் வலிக்கிறது. இசை அமைத்தவர் அவருடைய தந்தையார். இளவரசிக்கு விதிக்கப்பட்ட கெடு ஒரு மணி நேரம். விளையாடும் நமக்கும் அதே ஒரு மணி நேரந்தான்.

இதில் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஓரிடத்தில் கண்ணாடி ஒன்று வழிமறிக்கும். பாய்ந்து உடைத்தால், கண்ணாடிக்குள்ளிருந்து இளவரசனின் நிழல் பிரிந்து எதிர்ப்புறம் ஓடும். அதன்பின் அந்நிழல் நமக்குப் பல இடையூறுகள் செய்யும். இறுதியில் வாளேந்தி எதிரே நிற்கும். வெட்டினால் நம் உயிரும் உடன் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு நேரே நடந்தால் நிழல் நம்முள் கலந்துவிடும். இவ்வளவு அரிய கருத்து எப்படிப் பிறந்தது என்றால், பஞ்சத்தால் பிறந்தது! ஆப்பிள் கணிப்பொறியில் இன்னொரு பகைவனை வரைய நினைவகம் இல்லை. இருக்கும் இளவரசன் படத்தையே நிறம் புரட்டிப் போட்டு நிழலாக்கினார். அவ்விளையாட்டின் மூல நிரல் நெடுங்காலம் தொலைந்ததாகவே எண்ணப்பட்டது. 2012ஆம் ஆண்டு அவருடைய தந்தையார் வீட்டு அலமாரியில் பழைய பெட்டி ஒன்றைக் கண்டெடுத்து மகனுக்கு அனுப்பினார். அதற்குள் அந்தத் தட்டுகள் இருந்தன.

தந்தையார் வீட்டில் ஒரு பெட்டி என்றேன். இப்போது என் தந்தையாரிடம் வருகிறேன்.

அவருக்கு இவ்விளையாட்டுகள் அறவே பிடிக்காது. 'பேய்ப்பெட்டி' என்பார். அடுத்த வீட்டிலிருந்து என்னை இழுத்துப் போக ஒரு மாலை வந்தார். 1990 கோடை விடுமுறை அது. நாங்கள் டெட்ரிஸ் ஆடிக்கொண்டிருந்தோம். வாசலில் நின்று அழைக்க வாயெடுத்தவர் அழைக்கவில்லை. சிறிது நேரம் திரையைப் பார்த்தார். பின்பு, "அந்த நீளக் கட்டையை நட்டுக்க நிறுத்தி இடது ஓரத்தில் விடடா" என்றார். விட்டேன். நான்கு வரிசைகள் ஒருசேர மறைந்தன. என் நண்பன், "அண்ணாச்சி!" என்று கூவிவிட்டான். தந்தையார் சிரித்தாரோ என்று ஐயுறும்படி ஏதோ செய்துவிட்டு, "சாப்பிட வா" என்று சொல்லிப் போனார்.

அவருக்கு அது எப்படித் தெரிந்தது? என் கடைக்கு வந்தவர்கள் அறிவீர்கள். எட்டடி அகலம். அதற்குள் அண்டா முதல் ஆழாக்கு வரை அடுக்க வேண்டும். பெரியதற்குள் சிறியது, கவிழ்த்தது மேல் கவிழ்த்தது, எதை முதலில் எடுக்க நேரிடுமோ அதற்கு வழிவிட்டு மற்றதை வைக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் அவர் டெட்ரிஸ் ஆடிக்கொண்டுதான் இருந்தார், பெயர்தான் தெரியாது.

டெட்ரிஸ் மாஸ்கோவில் பிறந்தது. 1984ஆம் ஆண்டு என்பர். அறிவியல் கழகத்தின் கணிப்பொறி நிலையத்தில் பணியாற்றிய அலெக்சி பாஜித்னோவ், ஐந்து சதுரங்கள் சேர்ந்த பன்னிரண்டு கட்டைகளை ஒரு பெட்டியில் அடுக்கும் பழைய புதிர் ஒன்றில் ஈடுபாடு உள்ளவர். அதைக் கணிப்பொறியில் ஏற்ற முயன்று, ஐந்தை நான்காகக் குறைத்தார். பன்னிரண்டு வடிவங்கள் ஏழாயின. அவரிடம் இருந்த எலக்ட்ரானிகா-60 என்னும் பொறிக்குப் படம் வரையத் தெரியாது. ஆகவே அடைப்புக்குறிகளைக் கொண்டே கட்டைகளைக் காட்டினார். நிரம்பிய வரிசைகளை மறையச் செய்தால் ஆட்டம் தொடரும் என்று கண்டுகொண்டதே அவருடைய மேதைமை. கிரேக்க மொழியில் நான்கைக் குறிக்கும் சொல்லையும் தமக்குப் பிடித்த டென்னிசையும் சேர்த்துப் பெயரிட்டார்.

அதன் பிறகு அது உலகெங்கும் பரவிற்று. 1989இல் நிண்டெண்டோவின் கையடக்கப் பொறியாகிய கேம்பாயோடு சேர்ந்து விற்றபோது கோடிக்கணக்கான கைகளை அடைந்தது. படைத்தவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. உரிமை சோவியத் அரசின் கையில் இருந்தது. அவர் 1991இல் அமெரிக்காவில் குடியேறினார். 1996இல்தான் உரிமைப் பணம் அவரை வந்தடையத் தொடங்கியது. பிறந்த ஊரில் செய்த பொருளுக்குக் குடியேறிய ஊரில் கூலி பெற்றவர் என்பதால், நம்மைப் போன்றோர்க்கு அவர் ஒருவகையில் உறவு.

முதலிடம் ஏன் என்றால், மாரியோவை வெல்லலாம், இளவரசியை மீட்கலாம். டெட்ரிசை வெல்ல முடியாது. ஹைடி பர்கீல் என்னும் கணித அறிஞர் 1997இல் அதை மெய்ப்பித்தே காட்டினார். வளைந்த கட்டைகள் இடமும் வலமுமாக மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், எவ்வளவு வல்லவன் ஆடினாலும் ஒருநாள் உச்சியை முட்டியே தீரும். தோற்பது உறுதி என்று தெரிந்தும் அடுத்த கட்டைக்கு இடம் தேடுகிறோம். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் பழைய நிண்டெண்டோ டெட்ரிசை 157ஆம் கட்டம் வரை ஆடினான். முடிவில் பொறியே செயலற்று நின்றுவிட்டது. அதற்கு முன் அதைச் செய்த மனிதர் எவருமில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு நினைவு வந்தது, அண்டாக்களுக்கு நடுவே நின்ற என் தந்தையார்தான்.

நிற்க. நான் விட்ட இடத்திற்கு வருகிறேன். அந்தக் கோடை முடிந்தது. 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்திற்குள் நுழைந்தது. அடுத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடிதம் இல்லை, தொலைபேசி இல்லை. இலட்சத்திற்கும் மேற்பட்ட நம் நாட்டவர் ஜோர்டானின் அம்மான் வழியாக விமானங்களில் மீட்டுக் கொண்டுவரப்பட்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அக்டோபரில் ஒரு விடியற்காலை நண்பனின் தந்தை ஆட்டோவிலிருந்து இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. பதினான்கு ஆண்டுச் சம்பாத்தியம் அவ்வளவுதான். பின்னர் வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியே போயின. விளையாட்டுப் பொறியின் முறையும் வந்தது.

அதனை என் தந்தையார் வாங்கினார். பேய்ப்பெட்டி என்றவர், கேட்ட விலைக்கு மேல் இருநூறு கூட்டிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பெட்டி வீட்டுக்கு வரவில்லை. கடைப் பரணில் ஏறிற்று. கேட்டபோது, "அது விளையாடுவதற்கு இல்லை. அவர்கள் பொருள். என்றைக்குக் கேட்டாலும் கொடுக்க வேண்டும். இதை யாரிடமும் சொல்லாதே, விற்றதாகவே இருக்கட்டும். அடகு என்று தெரிந்தால் அந்த மனுஷருக்குத் தலைகுனிவு" என்றார். நான் சொல்லவில்லை. என் நண்பனோ நான் நாள்தோறும் தன் பொறியில் தனியே விளையாடுவதாக எண்ணிக்கொண்டான். எண்ணாமல் இருப்பானா? என்னோடு பேசுவதை நிறுத்தினான். சில மாதங்களில் அவர்கள் வீட்டைக் காலி செய்து ஆற்றிங்கலுக்குப் போய்விட்டார்கள். போகும் நாளில் அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

என் தந்தையார் 2014இல் காலமானார். பதினாறாம் நாள் கழிந்து பரணைத் துப்புரவு செய்தபோது, பழைய செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டிய ஒரு மூட்டை கிடைத்தது. மேலே அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'குவைத் வீட்டுப் பொருள். கேட்டால் கொடுக்க.' பாத்திரங்களுக்கு விலைச்சீட்டு ஒட்டும் அதே பசை.

நண்பனைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. அவனும் தன் தந்தையைப் போலவே வளைகுடாவில்தான், ஷார்ஜாவில் இருந்தான். ஓண விடுமுறைக்கு வந்தபோது மூட்டையையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஆற்றிங்கல் சென்றேன். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. நான் படித்துப் பொருள் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் நெடுநேரம் கழித்துத்தான் வந்தான். முகம் கழுவியிருந்தான்.

சாலையில் ஒரு பழைய வானொலிக்காரரிடம் முன்னமே கொடுத்து மின்பகுதியை மாற்றியிருந்தேன். அவர்கள் வீட்டுத் தட்டைத் திரையில் ஆண்டெனாத் துளையில் செருகினோம். நண்பன் முதலில் கேசட்டை ஊதினான். வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் வேலை செய்யவில்லை. அத்துப்பாக்கி உண்மையில் சுடுவதன்று. பழைய குழாய்த் திரையின் ஒளித்துடிப்பை நொடியின் சிறு பங்கில் பார்த்துக் கணக்கிடும் கண். புதிய திரைகள் அந்தக் கணக்குக்கு ஒத்துவருவதில்லை. இப்படித்தான் இவ்விளையாட்டுகள் ஒவ்வொன்றாக நம் கையைவிட்டுப் போகின்றன. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று 2023இல் ஓர் ஆய்வு கூறிற்று. ஆகவே உங்கள் வீட்டுப் பரண்களில் பழைய பொறிகளும் கேசட்டுகளும் இருந்தால் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் சங்க நூலகத்தில் ஓர் அலமாரி காலியாக இருப்பது செயலாளருக்குத் தெரியும்.

ஆற்றிங்கலில் அன்று டெட்ரிஸ் ஆடினோம். இருவருமே விரைவில் தோற்றோம். இடது ஓரத்தில் யாரும் நீளக் கட்டையை விடவில்லை. பிறகு மாரியோவைப் போட்டோம். நண்பனின் மகள் ஷார்ஜாவில் பிறந்தவள், பத்து வயது, பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். பொத்தான் பலகையை அவளிடம் கொடுத்தோம். தொப்பிக்காரன் ஓடினான். காளான் வந்தது. நாங்கள் இருவரும் ஒரே குரலில், "சாடு!" என்று கத்தினோம். அவள் திடுக்கிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் மாரியோ செத்துவிட்டான்.